இடமில்ல, நடங்க!

என் மகளின் கழுத்தை நான் ஒரு வருஷம் தேய்த்தேன். பின்கழுத்தில், பின்னல் தொடங்கும் இடத்துக்குக் கீழே, கருப்பாக ஒரு பட்டை இருந்தது. ஐந்தாம் வகுப்பில் லேசாகத் தெரிந்தது, ஆறாம் வகுப்பில் சட்டைக் காலருக்கு மேலே ஏறிவிட்டது. அழுக்கு என்று முடிவு செய்தேன். எதையும் யோசிக்காமல் சட்டென்று முடிவு செய்துவிடும் குணம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பயத்தமாவு, அரை மூடி எலுமிச்சம்பழம், பீர்க்கங்காய் நார் என்று ஒரு படையோடு பாத்ரூமுக்குள் நுழைவேன். "ஒழுங்கா தேச்சிக் குளின்னு எத்தினி வாட்டிதான் சொல்றது?" என்று கத்திக்கொண்டே தேய்ப்பேன். கழுத்து சிவந்து எரிந்ததே தவிர கருப்பு அசையவில்லை.

அப்புறம் அது தோல் வியாதி என்று முடிவு செய்தேன். வீடு திண்டிவனத்தில் இருந்தாலும் எனக்கு வேலை விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புகிறவள். எனவே விழுப்புரத்திலேயே ஒரு தோல் டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தலையைக் குனியச் சொல்லி, டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது அழுக்கும் இல்ல, தோல் வியாதியும் இல்லம்மா. தேச்சா போகாது, இது உள்ளேர்ந்து வர்றது. குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டி, எடையையும் ரத்தத்துல சர்க்கரையையும் பாருங்க."

ஒரு வருஷம் தேய்த்த என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, "நான்தான் அழுக்கு இல்லன்னு சொன்னேன்ல?" என்றாள்.

குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. ரத்தப் பரிசோதனை எடுத்து, முடிவைப் பார்க்க என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்து வரச் சொல்லியிருந்தார். "வீட்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் வகுப்பில் கை தூக்குவானே, அந்த மாதிரி. அவருக்கு நாற்பது ஆவதற்குள்ளேயே வந்துவிட்டது. மகளுக்குத் தெரியக்கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு மாத்திரை போடுகிற மனுஷர்.

"பாப்பாவுக்கு இன்னும் வரல. ஆனா வர்ற வழியில இருக்கா. இப்ப திருப்பினா திரும்பிடும். மாத்திரை வேணாம், பட்டினியும் வேணாம். வளர்ற பொண்ணு, எடையைக் குறைக்கணும்னு கூட இல்ல. ஏறாம நின்னா போதும், உயரம் வளந்து சரியாயிடும்" என்றார் டாக்டர். பிறகு மகள் பக்கம் திரும்பி, ஸ்கூல் விட்டதும் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார்.

என் மகளுக்குப் பொய் வராது. விரல் விட்டுச் சொன்னாள். "ஸ்கூல் விட்டதும் சித்தப்பா ஆட்டோவுல கிரீம் பன். இல்லன்னா ஜிலேபி. அம்மா வந்ததும் பஜ்ஜி, கூல்ட்ரிங்ஸ். டியூஷன் விட்டு வர்றப்போ அப்பாகூட பரோட்டா. அப்புறம் வீட்ல போய் சாப்பாடு."

"பரோட்டாவா?" என்றேன் நான். "பஜ்ஜியோட கூல்ட்ரிங்ஸ் வேறயா?" என்றார் வீட்டுக்காரர். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். கொழுந்தனார் அங்கே இல்லாததால் தப்பித்தார். அவர் எங்கள் மாடி அறையில் இருக்கிறார், கல்யாணம் ஆகாதவர், திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில், பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழைகிறவன் மனுஷனே இல்லை. கேட் சத்தம் கேட்டதும் பிள்ளை ஓடி வந்து, "இன்னா வாங்கியாந்த?" என்று பையை எட்டிப் பார்க்கும். ஒன்றும் இல்லை என்றால் அந்த முகம் வாடும். அதை யாரால் பார்க்க முடியும்? இந்தச் சட்டத்தை நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருநாள் கூடத் தவறாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறோம்.

திரும்பும் ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டியது. வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே, "என்கிட்டேர்ந்துதான் போயிருக்கு" என்றார்.

"நீங்க இன்னா, புட்டியில அடைச்சா குடுத்தீங்க? சும்மா வாங்க" என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஆனால் மகள் தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தால்கூட, அதிகமாகத் தாகம் எடுக்கிறதோ என்று அவர் கவனிப்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் காய், கீரை, பயறு, கேழ்வரகு மாதிரி சிறுதானியம், தினம் ஒரு மணி நேரம் விளையாட்டு, நேரத்தோடு தூக்கம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தார். என் காதில் விழுந்தது கேப்பை மட்டும்தான். கேப்பை சாப்பிட்டால் சர்க்கரை வராது என்று எங்கள் ரயில் பெட்டியில் எல்லாருக்கும் தெரியும். சீசன் டிக்கெட் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்குவம் சொன்னார்கள். மறுநாளே அரிசிக்குத் தடை போட்டேன். காலையில் கேப்பைக் கஞ்சி, அதில் வெல்லம். சாயங்காலம் கேப்பைப் புட்டு, அதில் வெல்லமும் தேங்காயும். இரவில் கேப்பை அடை, தொட்டுக்கொள்ள நெய்யும் வெல்லமும். நடுவில் பசித்தால் மல்லாட்டை உருண்டை, அதாவது வெல்லப்பாகில் பிடித்த வேர்க்கடலை. மகள் மறுக்காமல் சாப்பிட்டாள். எவ்வளவு சமத்து என்று நான் அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து எடை மெஷினில் ஏறி நின்றாள். முள் முன்னைவிட இரண்டு கோடு தள்ளிப் போயிருந்தது. மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று சொன்னேன். நர்ஸ் தானே அதில் ஏறி நின்று காட்டினார். மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது.

"கேப்பை மட்டும்தான் மேடம். சர்க்கரைய கண்லயே காட்டறதில்ல" என்றேன் டாக்டரிடம்.

"இனிப்புக்கு இன்னா போடுவீங்க?"

"வெல்லம்தான் மேடம்."

"ஒரு நாளைக்கு எவ்ளோ?"

கையைக் குவித்துக் காட்டினேன். டாக்டர் என் கையைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார். "கேப்பை மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீங்க அதைச் சாக்கா வச்சிக்கினு புள்ளைக்கு வெல்லம் ஊட்டியிருக்கீங்க."

"அது வெல்லம் மேடம், சர்க்கரை இல்லியே!"

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரித்தார். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் சுருக்கென்று இருந்தது. ரயிலில் முண்டியம்பாக்கம் போயிற்று, விக்கிரவாண்டி போயிற்று, பேரணி போயிற்று, நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். மயிலம் தாண்டும்போது என் கை தானாகக் குவிந்திருப்பதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தேனே தவிர, புத்தி வரவில்லை. அரிசிக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டு, அடுத்தது எண்ண ஆரம்பித்தேன். இட்லி மூன்று, நாலாவது கிடையாது. அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு புதுமனைப் புகுவிழாவில், ஐம்பது பேர் பந்தியில் இருக்கும்போது, அவள் இலையிலிருந்து வடையை எடுத்து என் இலையில் போட்டுக்கொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நல்லதுக்குத்தானே செய்தோம் என்று நான் அந்த வடையையும் சேர்த்துச் சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஒருநாள் பர்மிஷன் போட்டுவிட்டு முந்தின ரயிலிலேயே வந்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வெளியே கொழுந்தனாரின் ஆட்டோ நின்றது. அவர் டீக்கடையில் இருந்தார். பின்சீட்டில், ஸ்கூல் பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு, என் மகள் கிரீம் பன் தின்றுகொண்டிருந்தாள்.

கொழுந்தனார் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். "பாவம் அண்ணி, ஒண்ணே ஒண்ணுதான். திட்டாதீங்க அண்ணி."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மகள் உதட்டில் கிரீமோடு என்னைப் பார்த்தாள். அழவில்லை. "நீ பாத்துக்கினே இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குதும்மா" என்றாள்.

வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆட்டோவில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுத்தைத் தேய்த்ததற்கும் வடையை எடுத்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் மன்னிப்புக் கேட்பது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அவள் பெருந்தன்மையாகப் பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீயைத் தேடிப் போனார்.

அதற்கப்புறம் சட்டம் போட்டது அவள்தான். யாரும் யார் தட்டையும் பார்க்கக் கூடாது. ஒரே பானையில் சமைத்ததை நாலு பேரும் சாப்பிட வேண்டும், அவளுக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம். வீட்டுக்கு யாரும் எதுவும் வாங்கி வரக்கூடாது.

"வெறுங்கையோட எப்டிடி வர்றது?" என்றேன்.

"நான் ஸ்டேஷனுக்கு வர்றேன். நீ என் கையப் பிடிச்சிக்கினு நடந்து வா. அப்ப வெறுங்கை இல்லல்ல?"

மறுநாளே நடக்க ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்தான். முதலாளியிடம் கேட்டு, டீ குடிக்கிற நேரத்தில் அவர் மகளை நடத்திக்கொண்டு வந்து ஸ்டேஷனில் விடுவார். என்னிடம் ஒப்படைத்துவிட்டு அதே வேகத்தில் கடைக்கு நடப்பார். டீ தானாகவே நின்றுபோனது. நாங்கள் இரண்டு பேரும் அங்கிருந்து வீடு வரைக்கும் நடப்போம்.

முதல் நாள் கொழுந்தனார் வழக்கம்போல எங்கள் பக்கத்தில் ஆட்டோவை ஓரம் கட்டினார். "ஜல்தி ஏறுங்க அண்ணி."

"நிறுத்தாத சித்தப்பா!" என்று மகள் கத்தினாள்.

ஒரு நிமிஷம் திகைத்தவர் புரிந்துகொண்டார். அவருக்கு எதையும் விளையாட்டாக்கத் தெரியும். ஆட்டோவில் ஒரு ஆள்கூட இல்லை. தலையை வெளியே நீட்டி, ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "இடமில்ல, நடங்க!" என்று கத்திவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ஒரு நடைக்கு இரண்டு தடவையாவது எங்களைத் தாண்டிப் போவார். நாங்கள் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவது போல நடிப்போம். அவர் "இடமில்ல, நடங்க!" என்பார். பின்சீட்டில் ஜனங்கள் இருந்தால் அவர்களும் சேர்ந்து கத்துவார்கள். வாரக் கடைசிக்குள் பழவண்டிக்காரம்மா, பங்க்சர் கடைக்காரர் எல்லாரும் எங்களைக் கண்டதும் "இன்னிக்கும் இடமில்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் பாதி வழியில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்குவோம். அதிகம் வாங்கியது நான்தான். நாள் போகப் போக நின்று பேசுவதற்கு மட்டும் நின்றோம். அவள் பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் எப்படித் தும்முவார் என்று எல்லாமே எனக்கு அந்த ரோட்டில்தான் தெரிய வந்தது. பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்த நாட்களில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை.

வீட்டு வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினோம். சின்ன வயதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்று சொல்லிக்கொண்டு நைட்டியைத் தூக்கிச் செருகி ஒற்றைக்காலில் குதித்தேன். மூன்றாவது கட்டத்தில் பொத்தென்று விழுந்தேன். எதிர்வீட்டு அம்மா கைகொட்டிச் சிரித்துவிட்டு, "இப்டியா ஆடுவாங்க? தள்ளு" என்று தானே இறங்கி ஆடினார். அவரும் விழுந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சாயங்காலம் டிவி சத்தம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

சமையல் சாதாரணமாகவே இருந்தது. சோறு கொஞ்சம் குறைந்தது, பொரியலும் கூட்டும் கூடின. கேப்பைக் களி முருங்கைக்கீரைக் குழம்போடு வந்தது, வெல்லத்தை விட்டுப் பிரிந்து. சாயங்காலத்துக்கு வேகவைத்த மல்லாட்டை, சுண்டல், கொய்யா. கிரீம் பன் மாசத்துக்கு ஒருநாள், ஒளிக்காமல்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் தாய்மாமா எங்கள் ஜில்லாவிலேயே உள்ள வல்லம் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. கையில் ஒரு கிலோ மைசூர்பாகு டப்பா. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"எங்கடா அவன், ஆட்டோக்காரன்?" என்றார். ஆட்டோக்காரன் அப்போது எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒரே குண்டானிலிருந்து சுண்டல் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கூடப் பொறந்தவன் பொண்டாட்டியும் புள்ளையும் ரோட்ல நடக்குறாங்க, நீ காலி ஆட்டோவ ஓட்டிக்கினு இடமில்லன்னு சொல்லிட்டுப் போறியாமே! இன்னா மனுஷன்டா நீ? அண்ணன் தம்பிக்குள்ள இன்னா தகராறு? எங்கிட்ட சொல்லுங்க, இப்பவே பேசித் தீத்துடலாம்."

திண்டிவனம் ஸ்டேஷன் ரோட்டில் கத்தினது வல்லம் வரைக்கும் கேட்டிருக்கிறது. சொத்துத் தகராறு என்றும், நான்தான் குடும்பத்தைப் பிரித்துவிட்டேன் என்றும் கதை கட்டியிருக்கிறார்கள். கொழுந்தனாருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. மகள்தான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமா முழுவதையும் கேட்டார். சண்டை இல்லை என்று தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது தயார் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் வீணாகப் போனதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

"சரி, நல்லா இருங்க" என்று டப்பாவை மகள் கையில் கொடுத்தார்.

நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம், உடனே சட்டம் ஞாபகம் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். நான் காலண்டரை அவ்வளவு கவனமாக வாழ்க்கையில் படித்ததில்லை. டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. மாமாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தனக்கு ஒன்று எடுத்து, அதில் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி அப்பாவுக்குக் கொடுத்தாள். மீதியை நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு, ரசித்துத் தின்றாள். விரலை நக்கினாள். பிறகு டப்பாவை மூடி மாமாவிடமே நீட்டினாள்.

"செம்ம டேஸ்ட்டு தாத்தா. மீதிய நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க. எங்க வீட்ல இடமில்ல."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது ஆட்டோவில் கொண்டுவிடட்டுமா என்று கொழுந்தனார் கேட்டதற்கு, "வேணாம்பா, நானும் நடக்குறேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்.

முதல் பரிசோதனை எடுத்து ஒரு வருஷம் ஆனதும் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவைப் பார்க்க மூன்று பேரும் விழுப்புரம் போனோம். அவள் வளர்ந்திருந்தாள். ஸ்கூல் பாவாடையின் மடிப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டிருந்தேன். எடை கிட்டத்தட்ட அப்படியே நின்றிருந்தது, பின்கழுத்துக் கருப்பும் தேய்க்காமலேயே மங்கியிருந்தது. இருந்தும் உள்ளே கூப்பிடும்வரை நான் டோக்கன் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பெஞ்சில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே இருந்தார்.

டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. வர்ற வழியில இருந்ததுன்னு சொன்னேனே, இப்ப இல்ல. விட்டுடாதீங்க, இப்டியே இருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்."

நான் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், நர்ஸ் கையைக் குலுக்கினேன், எடை மெஷினையும் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் தாழ்வாரத்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சுற்றிலும் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், ஏதோ கெட்ட சேதி என்று நினைத்திருப்பார்கள்.

மகள் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாப்பா? நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?"

"என் வியாதிய உனக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா" என்றார் அவர். ஒரு வருஷமாக உள்ளே அடக்கி வைத்திருந்தது, சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் அவர் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். ரொம்ப யோசித்தாள்.

"உன்கிட்டேர்ந்து எனக்கு வந்தது இந்த மூக்கு மட்டும்தான்பா. அதுக்கே உன்மேல நான் செம்ம கோவத்துல இருக்கேன்."

அவர் அழுகையோடு சிரித்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் இரண்டு மூக்குகளையும் மாறி மாறிப் பார்த்தேன், அதே மூக்குதான். சிரிப்பை அடக்க முடியாமல் நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் வெளியே வந்து, உள்ளே குழந்தைக்கு ஊசி போடுகிறோம், கொஞ்சம் சத்தம் போடாமல் சிரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.